நொச்சிப்பட்டித் தட்டு

1979ஆம் ஆண்டு மார்ச் மாதம் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் சீன்காரர் சந்து எட்டாம் நம்பர் மாடி வீட்டுக்கு நொச்சிப்பட்டியிலிருந்து மூன்று பேர் வந்து, ஒரு தாம்பூலத் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

தட்டை வாங்கியவள் அன்னக்கொடி. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். போன ஆவணியில் கல்யாணமாகி, தை பிறந்த பிறகு இந்த மாடிக்குக் குடிவந்தவள். புருஷன் கருத்தக்கண்ணன் பஸ் டெப்போவில் ஸ்டோர் கிளார்க். டெப்போவுக்கு நடந்து போகிற தூரம், கட்டுபடியாகிற வாடகை என்று பார்த்த அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். அது எப்பேர்ப்பட்ட சந்து என்பது குடிவந்த மறுநாள் விடிகாலையில்தான் அவனுக்குத் தெரிந்தது. பாதி அழித்த அரிதாரத்தோடு நாலு பெண்கள் வேனிலிருந்து இறங்கி, ஆளுக்கொரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலைக் கடந்து போனார்கள்.

நாடகத்துக்கு சீன் படுதா வாடகைக்கு விடும் கொட்டகை ஒன்று அங்கே இருந்தது. அதனால் சந்துக்கு அந்தப் பேர். கொட்டகையை ஒட்டி டோப்பா முடி கட்டுகிறவர் ஒருவர். சமிக்கி வைத்த ராஜா சட்டைகளை வாடகைக்குக் கொடுக்கிற டிரஸ்காரர் ஒருவர். ஆர்மோனியம் பழுது பார்க்கிற கடை, மூலையில் ஒரு போட்டோ ஸ்டுடியோ, எதிரே டீக்கடை. மிச்ச வீடுகளிலெல்லாம் நாடகக்காரர்கள். கம்பெனி என்று எதுவும் கிடையாது. ராஜபார்ட் ஒரு வீடு, ஸ்திரீபார்ட் ஒரு வீடு, பபூன் ஒரு வீடு. திருவிழா நடத்துகிற ஊர்க்காரர்கள் வந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தட்டு வைத்து நாடகத்துக்கு அழைப்பார்கள். அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் நடிக்கிறவர்களே ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது.

கருத்தக்கண்ணன் கே.கே. நகர் பக்கம் போய் வாடகை விசாரித்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தான். ஊரில் அவன் அம்மாவிடம் 'டவுன்ஹால் ரோட்டுப் பக்கம்' என்று மட்டும் சொல்லியிருந்தான். அம்மா வருகிறேன் என்றபோதெல்லாம் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், தண்ணீர் வரவில்லை என்று ஏதாவது காரணம் சொன்னான்.

"நீ கீழ எறங்காத. ஜன்னலத் தொறந்து போட்டுக்கிட்டு நிக்காத. இங்க எறங்கி நடக்குற பொம்பளை எல்லாம் ஒண்ணுன்னுதான் பாக்குறவன் நெனப்பான்" என்று அன்னக்கொடியிடம் சொல்லியிருந்தான்.

அந்த வீடு ஒரு அறை. தகரம் போட்ட சமையல் இடம். மாசி முடிவதற்குள்ளேயே பதினொரு மணிக்குத் தகரம் காய்ந்து, அடுப்பை அணைத்த பிறகும் அணைக்காத மாதிரி இருக்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு வீட்டில் சுதி சேர்ப்பார்கள். இன்னொரு வீட்டில் சண்டை. வெயில் ஏறியதும் கொட்டகைக்காரர்கள் ஈரச் சாயம் காய்வதற்காகப் படுதாக்களைச் சந்தின் குறுக்கே கட்டுவார்கள். ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தால் அரண்மனையின் பின்பக்கம் தெரியும். பின்பக்கத்தில் ஒன்றும் இருக்காது. பழுப்புத் துணியும் தையலும்தான்.

பங்குனி பிறந்ததும் கருத்தக்கண்ணனுக்கு முதல் ஷிப்ட் விழுந்தது. நாலரைக்கே கிளம்பிவிடுவான். குழாயில் தண்ணீர் வருவது ஐந்தரைக்கு. ஆகவே தண்ணீர் எடுக்க அவளை இறங்கவிட்டான். நாடகம் முடிந்து வேன் திரும்புவதும் அந்த நேரம்தான். பருத்திப்பால்காரர் பித்தளைப் பானையோடு குழாயடியில் வந்து நிற்பார். கீழ்வீட்டு முத்துத்தாய் ரோஸ் பவுடர் அப்பிய கழுத்தோடு ஒரு டம்ளர் வாங்கி ஊதி ஊதிக் குடிப்பாள். முப்பது வயது. ஸ்திரீபார்ட்.

"ஏ புள்ள, ஒன்னய ஒன் புருசன் பூட்டி வச்சிருக்கானா, இல்ல நீயாப் பூட்டிக்கிட்டியா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"அதெல்லாம் இல்லக்கா. வெளிய என்ன சோலி எனக்கு?"

"எங்களுக்கு மட்டும் என்ன சோலி? ராத்திரி முச்சூடும் பாடுறோம், பகல் முச்சூடும் தூங்குறோம். நாங்களும் இந்தச் சந்த வெயில்ல பாத்து நாளாச்சு."

அன்னக்கொடிக்கு அந்த அரைமணி நேரம் பிடித்திருந்தது. அதைப் புருஷனிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த மூவரில் மூத்தவர் தவசி. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்க, நிலைக்கு வெளியிலேயே நின்றார்.

"வீட்டுல யாரும் இல்லையாத்தா?"

"அவுக டெப்போவுக்குப் போயிருக்காக. மூணு மணிக்குத்தேன் வருவாக. நீங்க..."

"நொச்சிப்பட்டி."

அன்னக்கொடி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். நொச்சிப்பட்டி டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே, அவள் புருஷன் ஊரான ஓடைப்பட்டிக்குப் பக்கத்து ஊர். நடுவில் ஒரு கண்மாய்தான். அவள் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி அந்த ஊர்க்காரர்கள். வந்து எட்டு மாதமான மருமகள், புருஷன் வழிப் பெரியவர்களைப் பார்த்து நீங்கள் யார், என்ன முறை என்று கேட்டால் அதைவிட அவமானம் இல்லை. அவள் கேட்கவில்லை.

"உள்ள வாங்க. மோரு தாரேன்."

"ஒக்கார நேரமில்லத்தா. இன்னும் நாலு வீடு ஏறி எறங்கணும். பங்குனிப் பொங்கலுக்கு அழைக்க வந்தோம். பங்குனி இருபத்தொண்ணு, புதன்கெழம. இன்னும் பதினஞ்சு நாளு இருக்கு. நீ வந்தாத்தான் எங்க ஊருக்குப் பொங்கலு."

பின்னால் நின்றவர், "பொட்டப்புள்ளைக அம்புட்டும் ஒன்னயப் பாக்கணும்னு நிக்கிதுக" என்றார்.

"அவுககிட்டச் சொல்றேன். கூட்டியாருவாக."

"அவரு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நீ ராத்திரி ஒம்போதுக்குள்ள வந்துரணும். நோட்டீசுல பேரப் போட்டுரலாமா?"

பொங்கல் நோட்டீசில் வெளியூர்ச் சொந்தங்களின் பேர் போடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். "போடுங்க" என்றாள்.

தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், கதம்பம், மஞ்சள் தடவிய ஒற்றை ரூபாய். "ஆத்தா காலடியில வச்சு எடுத்தது, ரெண்டு கையாலயும் வாங்கு" என்றார் தவசி. அவள் வாங்கிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்து, நிலைப்படிக்கு இந்தப் பக்கமாக விழுந்து கும்பிட்டாள். தவசிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நாடகக்காரிகளில் இப்படி மரியாதை தெரிந்தவளைத் தான் பார்த்ததில்லை என்று ஊரில் போய்ச் சொன்னாராம்.

மூன்று மணிக்குக் கருத்தக்கண்ணன் வந்தான்.

"நொச்சிப்பட்டியில யாரு?"

"பேரு கேக்கல. கழுத்துல பெரிய மறு இருந்துச்சு."

"எங்க சின்னப்பாட்டன் வகையறாவா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றான்.

வெள்ளிக்கிழமை விடிகாலை, குழாயடியில் முத்துத்தாய் கண் எரிய எரிய விளக்கெண்ணெய் போட்டு மையைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"எங்க சோலையக்கா, ஸ்திரீபார்ட்டுதேன், நேத்து வந்து டீக்கடைக்காரன்கூட ஒரே சண்ட. நொச்சிப்பட்டிக்காரவுக வந்து என் வீட்டக் கேட்டாகளாமே, எங்கிட்டு அனுப்புனன்னு. அவன் வழி சொன்னேங்குறான். இவ வீட்டுக்கு ஒரு ஈ, காக்கா வரலங்குறா. மூணு ஆம்பளைக இந்தச் சந்துக்குள்ள எங்க போயிருப்பாக?"

குடம் நிறைந்து வழிந்தது. அன்னக்கொடி குழாயை மூடவில்லை.

"சோலையக்கா வீடு எதுக்கா?"

"இப்ப அடுத்த சந்துல. தை வரைக்கும் ஒன் மாடியிலதேன் இருந்துச்சு."

"அக்கா, நொச்சிப்பட்டித் தட்டு எங்க வீட்டுல இருக்கு."

முத்துத்தாய் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். "வாங்குனது யாரு? நீயா?"

"சொந்தக்காரவுகன்னு நெனச்சேன்."

"ரெண்டு கையாலயா?"

"ஆமாக்கா."

முத்துத்தாய் அவளைக் குழாயடியிலிருந்து தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். இந்தச் சந்தில் தட்டை வாங்கிவிட்டால் அந்த ராத்திரி அந்த ஊருக்குச் சொந்தம். காய்ச்சலாகக் கிடந்தாலும் போய் மேடையில் நின்றாக வேண்டும். வராத ஸ்திரீபார்ட்டைத் தேடி ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள்.

"அவுகளுக்கு மூஞ்சி தெரியாதாக்கா?"

"பவுடரும் ரோசும் பூசி, விளக்கு வெளிச்சத்துல, கூட்டத்துக்குக் கடைசியில நின்னு பாத்தவுக. பகல்ல பாத்தா எங்களுக்கே எங்களத் தெரியாது."

காலை பத்து மணிக்கு அன்னக்கொடி முதன்முறையாக அந்தச் சந்தில் நடந்தாள். முத்துத்தாய் முன்னால் போனாள். டோப்பாக்காரர் முழங்காலில் ஒரு மரத்தலையை வைத்து அதற்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். டிரஸ்காரர் வீட்டுக் கொடியில் நாலு ராஜாக்களின் சட்டைகள் வேர்வை காய்ந்தன. கொட்டகைக்குள் இரண்டு பேர் தரையில் விரித்த துணிமேல் முட்டி போட்டு, தென்னை ஈர்க்கு மட்டையால் காட்டுக்குப் பச்சை அடித்தார்கள். பச்சை வாசனையும் வஜ்ஜிரப் பசை வாசனையும் சந்தின் அந்தக் கோடி வரை இருந்தன. ஜன்னல் இடுக்கில் இரண்டு மாதமாகத் துண்டு துண்டாகப் பார்த்ததெல்லாம் இவ்வளவு கிட்டத்தில் இருப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருவரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதுவும் வேடிக்கையாக இருந்தது.

சோலையம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"எனக்கு நாப்பத்தஞ்சாச்சு. இந்தப் புள்ளையப் பாத்துட்டு நாந்தேன்னு நெனச்சிருக்கான்னா, அந்தப் பவுடர்க் கம்பெனிக்காரனுக்குக் கோயில்தான் கட்டணும்."

"அக்கா, அன்னைக்கு நீங்க..."

சோலையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு ராத்திரி நான் சிவகங்கப் பக்கம். தட்டு வாங்கி ஒரு மாசமாச்சு. வர முடியாதுத்தா."

"நானே போயித் திருப்பிக் குடுத்துட்டு வந்தா?"

"குடுக்கலாம். ஆத்தா காலடியில வச்ச தட்டு. திரும்பிப் போச்சுன்னா பொங்கல நிறுத்திட்டு ஊர் கூடும். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல போயி நீ நிக்கணும். இன்ன மாதிரி நாடகக்காரச் சந்துல குடியிருக்கேன், என்னைய நடிகைன்னு நெனச்சுத் தட்டு வச்சுட்டாகன்னு சொல்லணும். நிப்பியா?"

ஓடைப்பட்டிச் சனம் பாதி அங்கே நிற்கும். மாமியார் நிற்பாள். அன்னக்கொடி முறத்தில் இருந்த ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள்.

"வேற ஒரு வழி இருக்கு" என்றாள் முத்துத்தாய். "கைமாத்து. எங்க நடிகர் சங்கத்துல வச்சு, வாங்குனவ கையால இன்னொருத்தி கையில குடுக்குறது. அத எந்த ஊரும் ஒத்துக்கும். எனக்கு அன்னைக்கு ராத்திரி சும்மாதேன். நான் வாங்கிக்கிறேன்."

"அதுக்கு இவ பேரு சங்கத்துல இருக்கணுமேடி. நடிகைன்னு பேரு இருந்தாத்தான கைமாத்த முடியும்?"

"இல்லாட்டி?" என்றாள் அன்னக்கொடி.

"எழுதணும்" என்றாள் சோலையம்மாள்.

அன்று மத்தியானம் புளிக்குழம்பு. கருத்தக்கண்ணன் சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும் அன்னக்கொடி காத்திருந்தாள். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான். யாரென்று கேட்டுத் தொலைப்பதற்கு என்ன என்பதுதான் அந்தக் கேள்வி. எழுந்துபோய்ப் படத்துக்குக் கீழே இருந்த தட்டைக் கையில் எடுத்தான். எங்கேயாவது கோயில் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ. வாசல்வரை போனான்.

"ஆத்தா காலடியில வச்சதுன்னு சொன்னாகளா?"

"ஆமாங்க."

திரும்பி வந்து இருந்த இடத்திலேயே வைத்தான்.

"கீழ எறங்காதன்னு சொன்னேன்ல?"

"நான் எறங்கல. அவுகதான் ஏறி வந்தாக."

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு சத்தம் போடாமல் சொன்னான்.

"எங்காத்தாவுக்கு மட்டும் இது தெரிஞ்சுச்சு, ஒன்னய ஒங்கக்கா பக்கத்துல கொண்டுபோயி ஒக்கார வச்சிருவேன். சொல்லிப்புட்டேன்."

அன்னக்கொடியின் அக்காவைப் புருஷன் திருப்பி அனுப்பிப் பல வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பில் இருக்கிறாள். எல்லாரும் தின்ற பிறகு தின்பாள். அன்னக்கொடியின் கல்யாணத்தன்று காலையில் அவள் மணமேடைப் பக்கம் வராமல் அடுப்படியிலேயே இருந்தாள். யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

"சங்கத்துக்குப் போயிருவோங்க. ஊருக்குத் தெரியாம முடிஞ்சிரும்" என்றாள் அன்னக்கொடி.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். சங்கம் என்பது தகரக்கூரை போட்ட ஒரு நீளமான கூடம். செத்துப்போன நடிகர்களின் படங்கள் சுவர் முழுக்க, கிரீடத்தோடு. நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் அழகுமலை பழைய ராஜபார்ட். தலைக்குக் கறுப்புச் சாயம், காதில் கடுக்கன், குரல் மட்டும் கூடத்தின் கடைசிவரை எட்டும்.

"வாங்க தம்பி. மாடியில இருக்கீகன்னு தெரியும். எப்ப எறங்கி வருவீகன்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம்."

கருத்தக்கண்ணன் நிலைப்படியிலேயே நின்றான். "சீக்கிரம் முடிச்சுக் குடுத்தா நல்லாருக்கும்."

"முடிச்சுரலாம். பேரு?"

"அன்னக்கொடி."

"என்ன பார்ட்டுன்னு எழுத?"

"அவ நடிக்க மாட்டா."

"அது சரி தம்பி. பார்ட் இல்லாமப் பேரு எழுத முடியாதுல்ல?"

"சும்மா எதையாவது எழுதுங்க."

"எதையாவது எழுதுறதுக்கா தம்பி சங்கம் வச்சிருக்கோம்?"

சீட்டுக் கூட்டத்திலிருந்த பபூன் சின்னான் தலையைத் தூக்காமல், "ஊர்ப் பெரியவுக மூணு பேர ஒரே கும்புடுல ஏமாத்தியிருக்கு. ஸ்திரீபார்ட்டுன்னே எழுதுங்கண்ணே" என்றார். கூடமே சிரித்தது. அன்னக்கொடிக்கும் சிரிப்பு வந்தது. புருஷன் முகத்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கல்யாணமான பெண்ணாக இருந்தால் புருஷன் கையெழுத்துப் போட வேண்டும். கருத்தக்கண்ணன் இரண்டு தடவை பேனாவை உதறிவிட்டுப் போட்டான். போட்டோ வேண்டும் என்றார்கள். மூலை ஸ்டுடியோவில் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரைக்கு முன்னால் அவளை நிற்கவைத்து எடுத்தார்கள். அவன் வெளியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்ததும் அழகுமலை சூடம் கொளுத்தினார். அன்னக்கொடி தட்டை இரண்டு கையாலும் எடுத்து முத்துத்தாயிடம் கொடுத்தாள். வாழைப்பழத்தில் ஒன்று குறைந்திருந்தது. முத்துத்தாய் அதைக் கவனித்துவிட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அழகுமலை நொச்சிப்பட்டிப் பெரியவருக்குக் காகிதம் எழுதினார். எழுத எழுத வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். "டி. கல்லுப்பட்டி அருகில் ஓடைப்பட்டி, கருத்தக்கண்ணன் சம்சாரம் அன்னக்கொடி வாங்கிய தாம்பூலத்தை..."

"ஊரு எதுக்கு?" என்றான் கருத்தக்கண்ணன்.

"எழுதணும் தம்பி. ஒரு பொம்பளப்புள்ள தட்டக் கைமாத்துனா, எவன்கூடயோ ஓடிப்போயிட்டா, அதேன் வரலன்னு சனம் பேசும். அந்தப் பேச்சு வரக்கூடாதுன்னுதான் புருசன் பேரையும் சொந்த ஊரையும் எழுதுறது. இன்னைக்கு நேத்து வழக்கமில்ல."

"அது என் ஊருக்குப் பக்கத்து ஊருண்ணே."

அழகுமலை பேனாவைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவருக்கு முழுதாகப் புரிந்தது. "மொதல்லயே சொல்லப்படாதா? இப்பக் கையெழுத்தாகி, தட்டும் கைமாறியாச்சே."

"ஊர விட்டுட்டு எழுதுங்கண்ணே."

"விட்டா அவுக தட்டச் செல்லாதும்பாக. முத்துத்தாய மேடையில ஏத்த மாட்டாக. நோட்டீசுல வேற சோலையம்மா பேரு அடிச்சாச்சு. ஏன் வேற ஆளு வந்துச்சுன்னு சபையில ஒரு வார்த்த சொல்லித்தான் ஆகணும்."

"மைக்குலயா?"

சின்னான் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து வந்தார். "மாப்ள, அன்னைக்கு நொச்சிப்பட்டியில பபூன் நாந்தேன், சபையில சொல்லப்போறதும் நாந்தேன். மதுரை அன்னக்கொடின்னு சொல்லி முடிச்சிர்றேன். மதுரையில ஆயிரம் அன்னக்கொடி இருக்கும். காகிதம் பெரியவரு மடியில கெடந்துட்டுப் போகுது. போதுமா?"

"சத்தியமா?"

"நான் பபூனு. என் சத்தியத்த வச்சு என்ன செய்யப்போற? ஆனாச் சொன்னாச் செய்வேன்."

அதற்குப் பிறகு பத்து நாள் கருத்தக்கண்ணன் வீட்டில் அவசியத்துக்கு மேல் பேசவில்லை. டெப்போவில் ஓடைப்பட்டி வழியாகப் போகும் பஸ்ஸின் டிரைவர், கண்டக்டர் யாரைப் பார்த்தாலும் ஒதுங்கிப்போனான். வீட்டிலும் அவனே ஜன்னலைச் சாத்தினான். வெயில் ஏறிக்கொண்டே போனது. அன்னக்கொடி மத்தியானங்களில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம் படுத்திருந்தாள். ஒருநாள், "ஒருவேள சொல்லவே மாட்டாகளோ?" என்று கேட்டாள். "மழை வந்து நாடகமே நின்னு போனாலும் போகும்" என்றான். பங்குனியில் எந்த மழை வரும்? அவன் அதை நம்பிச் சொன்னான் என்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வேன் வந்தது. முத்துத்தாய் தகரப்பெட்டியோடு ஏறும்போது மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கருத்தக்கண்ணன் அன்று சீக்கிரமே பாயை விரித்துப் படுத்துவிட்டான். காலையில் நாலரைக்கு வழக்கம்போலக் கிளம்பிப் போனான்.

அன்னக்கொடி குழாயடிக்கு முதல் ஆளாக வந்து நின்றாள். வேன் வந்ததும் முத்துத்தாய் நேரே அவளிடம் வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. சின்னான் பின்னாலேயே வந்தவர், அவளைப் பார்த்ததும் பருத்திப்பால்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சின்னாண்ணன் சொன்னபடிதான் சொல்லுச்சு. மதுரை அன்னக்கொடின்னு ஒரு வார்த்த. சனமும் கேட்டுக்கிருச்சு. ஒரு கல்லு விழல."

"அப்புறம் என்னக்கா?"

"அந்தப் பெரியவரு இருக்காருல்ல, தவசி. மேடையில ஏறி மைக்க வாங்கிட்டாரு. காகிதத்தப் படிச்சதுலருந்து மனுசனுக்கு நெலகொள்ளாத சந்தோசம். நம்ம பக்கத்து ஊரு ஓடைப்பட்டி மருமக, கருத்தக்கண்ணன் சம்சாரம், நம்ம மண்ணுலருந்து போயி மதுரையில ஸ்திரீபார்ட்டாப் பேரு வாங்கியிருக்கு, அது கையால வாங்குன தட்டுலதான் இன்னைக்கு நாடகம் நடக்குதுன்னு பேசிக்கிட்டே போறாரு. பெருமையாத்தான் சொன்னாரு புள்ள. கைதட்டச் சொல்லி, சனம் கைதட்டுச்சு. அடுத்த வருசம் அந்தப் புள்ளைதான் வரணும்னுட்டாரு."

முத்துத்தாய் பையை நீட்டினாள். உள்ளே ஆத்தா சன்னதியில் உடைத்த தேங்காய் மூடி ஒன்று, எலுமிச்சம்பழம், ஒரு ரவிக்கைத் துணி. "ஒனக்குன்னு குடுத்து விட்டாரு."

"எங்க மாமியா இருந்தாகளாக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? இருட்டுல அம்புட்டு சனம்." பையின் வாயைச் சுருட்டி அவள் கையில் திணித்துவிட்டு, "மைக்செட்டுக் குழாயக் கண்மாய்க்கு எதுத்தாப்புல பனைமரத்துல கட்டியிருந்தாக. வராதவுகளுக்கும் கேட்டிருக்கும்" என்றாள்.

மூன்று மணிக்குக் கருத்தக்கண்ணன் வரவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு அன்னக்கொடி ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அவன் வரவில்லை. முத்துத்தாய் டீக்கடைக்காரரை டெப்போவுக்கு அனுப்பி விசாரித்தாள். வேலைக்கு வந்திருக்கிறான், ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறான், பேசவில்லை என்று வந்து சொன்னார்.

சனிக்கிழமை அவனுடைய அண்ணன் மருது வந்தான். மாடிப்படிக்குக் கீழேயே நின்றுகொண்டான்.

"தம்பி துணிமணி வேணும். பெட்டி, பாயி. அம்புட்டுத்தேன்."

அன்னக்கொடி இறங்கி வந்தாள். "மேல வாங்க மச்சான். ஒரு வாய் தண்ணியாச்சும்..."

"வேணாம். பெட்டிய எறக்கிக் குடு."

"நடந்தது என்னன்னு அவுகளுக்குத் தெரியும் மச்சான். அவுகதான் கையெழுத்துப் போட்டாக. அத்தைகிட்டச் சொல்லலையா?"

"சொன்னான். ஆத்தாவும் கேட்டுச்சு. ஊருல ஒவ்வொருத்தங்கிட்டயும் போயி ஆத்தா சொல்ல முடியுமா? காலையில கெணத்தடியில நிக்கவிடல சனம். ஒன் மருமக எப்ப ஆடுறான்னு கேக்குறாளுக."

"நான் எப்ப வரட்டும்?"

மருது சந்தின் கோடியைப் பார்த்தான். காடு வரைந்த படுதாவைக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தார்கள். "ஒன்னயக் கூட்டியாரச் சொல்லல" என்றான்.

அவள் மேலே போய்ப் பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். பாயைச் சுருட்டி, அவன் சாப்பிடும் தட்டையும் அதற்குள் வைத்துக் கட்டினாள்.

சித்திரையில் அவளுடைய அண்ணன் வந்தான். அவன் மட்டும் மாடி ஏறி வந்து, அவள் வைத்த காப்பியைக் குடித்தான். விஷயம் உசிலம்பட்டிப் பக்கமும் வந்துவிட்டது என்றான். அவனுக்கும் கட்டிக்கொடுக்க வேண்டிய ஒரு மகள் இருந்தாள்.

"பெரியவ ஒருத்தி இருக்கா. அதுவே ஊர் வாய்ல விழுந்து எந்திரிச்சுப் போச்சு. இப்ப நீயும் வந்து ஒக்காந்தா, எம்புள்ளையக் கேட்டு எவன் வருவான்? கொஞ்ச நாள் பொறுத்துக்க. மாப்ள மனசு மாறும்."

"மாறாட்டி?"

"அப்பப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஒரு மரக்கால் தட்டப்பயறை அவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினான். அக்காதான் கொடுத்துவிட்டாளாம்.

வைகாசியிலிருந்து அன்னக்கொடி டிரஸ்காரர் வீட்டில் பழைய சட்டைகளுக்குச் சமிக்கி தைத்தாள். அவர்கள் வேறு யாரும் அறியாதபடி மாடிக்கே துணி அனுப்புகிறோம் என்றார்கள். அவள் கீழே வந்து உட்கார்ந்தே தைத்தாள். மாடியில் வெயில் தாங்க முடியவில்லை. அந்த வருஷம் அவளைத் தேடி மேலும் இரண்டு ஊர்க்காரர்கள் தட்டோடு வந்தார்கள். இரண்டையும் அவள் வாங்கவில்லை.

கருத்தக்கண்ணன் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடைப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் டெப்போவுக்கு வந்து போனான். சந்துப் பக்கம் வரவில்லை. மாடி வீட்டு வாடகையை மாதாமாதம் மணியார்டரில் அனுப்பினான்.